பிராட்வேயில் 'சிகாகோ', அதற்கு முன் கொரியச் சாப்பாடு: மாலையை எப்படி அமைப்பது?

கேள்வி சுருக்கமாக இது. நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் திருமண நாளுக்காக நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் 'சிகாகோ' மியூசிக்கலுக்கு (பாட்டும் நடனமும் சேர்ந்த நாடகம்) மூன்று டிக்கெட் வாங்கியிருக்கிறார், இரவு 8 மணிக் காட்சி. மனைவியோடு, ஊரிலிருந்து வந்திருக்கும் நண்பரின் அம்மாவும் வருகிறார். அம்மா சுத்த சைவம். காட்சிக்கு முன் கொரிய உணவகத்தில் மேசையிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. எங்கே போவது, எத்தனை மணிக்கு உட்காருவது, அம்மா என்ன சாப்பிடுவார், நாடகம் அவருக்குப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார்.

திட்டம் அருமையானது. நியூயார்க்கில் ஒரு மாலைக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பார்பிக்யூவை மட்டும் அன்றைக்கு வைக்காதீர்கள். கொரியர்கள் மேசையில் இறைச்சி சுடுவது அவசரமில்லாமல் உட்கார்ந்து, பேசி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதற்கென்றே உருவான முறை. அடுப்பு சூடாக வேண்டும், ஒவ்வொரு தட்டாக இறைச்சி வர வேண்டும், அதைச் சுட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, லெட்யூஸ் இலையில் வைத்து மடித்து வாயில் போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போய்விடும். பிராட்வேயோ யாருக்காகவும் காத்திருக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பார்பிக்யூ சாப்பிட்டால் இரண்டிலும் பாதிச் சந்தோஷம்தான் கிடைக்கும். போதாததற்குப் புகை வாசனை. புகைபோக்கி எவ்வளவு இழுத்தாலும் கோட்டிலும் தலைமுடியிலும் அது ஏறிவிடும். நூறு வருடம் பழைய தியேட்டரில் தோளோடு தோள் உரச இரண்டரை மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சுத்த சைவமான அம்மாவை இறைச்சி பொரியும் அடுப்புக்கு எதிரே உட்கார வைப்பது சரியாக இருக்காது. அந்த ஆசைக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இடம் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மன்ஹாட்டனின் கொரியா டவுன் 32ஆம் தெருவில், பிராட்வே சாலைக்கும் ஐந்தாம் அவென்யூவுக்கும் நடுவில் இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்து பாத் ரயிலில் வந்தால் 33ஆம் தெரு நிலையத்தில் இறங்கி ஓரிரு நிமிடம் நடந்தால் போதும். என்ஜே டிரான்சிட்டில் வந்தால் பென் ஸ்டேஷன், அதுவும் நடக்கும் தூரம்தான். ஒரே ஒரு தெருத்துண்டுதான், ஆனால் கடைகள் மேல்நோக்கி அடுக்கப்பட்டிருக்கும்: தரைத்தளத்தில் ஒரு உணவகம், இரண்டாவது மாடியில் இன்னொன்று, அதற்கு மேலே கரோக்கே. போர்டுகளை அண்ணாந்து பார்த்துப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல இடங்கள் சில லிஃப்டில் ஏறிப் போகும் மாடிகளில்தான் இருக்கின்றன.

இப்போது நேரக் கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். 8 மணிக் காட்சி என்றால் தியேட்டர் கதவு அரை மணி முன்பு திறக்கும். வாசலில் பை சோதனை வரிசை இருக்கும். அம்மாவோடு போகும்போது 7.30க்கு அங்கே இருப்பது நல்லது. 'சிகாகோ' நடப்பது அம்பாசடர் தியேட்டரில், 49ஆம் தெருவில், பிராட்வேக்கும் எட்டாம் அவென்யூவுக்கும் இடையில். 32ஆம் தெருவிலிருந்து நடந்தால் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வழியில் டைம்ஸ் சதுக்கக் கூட்டத்தைக் கடக்க வேண்டும், அம்மாவுக்கு அது சிரமம். 34ஆம் தெரு ஹெரால்ட் ஸ்கொயரில் என் (N) அல்லது ஆர் (R) சுரங்க ரயில் ஏறுங்கள், 49ஆம் தெருவிலேயே நிற்கும். அதே பிளாட்பாரப் பக்கம் வரும் க்யூ (Q) ரயிலில் ஏறிவிடாதீர்கள், அது மாலையில் அந்த நிலையத்தில் நிற்காமல் போய்விடும். ஆக, உணவகத்தை விட்டு 6.55க்குள் கிளம்ப வேண்டும். பில் வந்து பணம் கட்டக் கால் மணி. சாப்பிட ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். எனவே 5.15க்கு மேசையில் உட்காருங்கள், 5.30க்கு மேல் போகாதீர்கள். சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் 6.30க்கு மேல் கொரியா டவுனில் காத்திருக்கும் வரிசை நீளும், பல கடைகளில் முன்பதிவே கிடையாது. 5.15க்குப் போனால் நேரே உள்ளே போய்விடலாம்.

அம்மா ஊரிலிருந்து வந்து எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. கோடைக் காலத்தில் நியூயார்க் மாலை 5.30 என்பது இந்தியாவில் மறுநாள் விடியற்காலை 3 மணி. வந்த முதல் ஓரிரு நாட்களில் அந்த நேரத்தில் பசியும் இருக்காது, எட்டு மணிக்கு மேல் கண்ணும் திறந்திருக்காது. அப்படியென்றால் டிக்கெட்டைப் பகல் காட்சிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால் கவலையில்லை.

என்ன சாப்பிடுவது? அம்மா சுத்த சைவம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொரியச் சாப்பாட்டில் காய்கறி ஏராளம், டோஃபு (சோயாப் பனீர்) ஏராளம், அதனால் சைவர்களுக்குச் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் கார ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பில் ஊறிய குட்டி இறாலோ மீன் சாஸோ சேரும். அவர்களுடைய சோயா விழுதுக் குழம்பான தென்ஜாங் ஜிகே, டோஃபுக் குழம்பான சுன்டுபு ஜிகே இரண்டுக்கும் வழக்கமாக உலர்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறுதான் அடித்தளம். பெயரில் டோஃபு இருந்தாலும் சாறு மீன் சாறு. கண்ணாடி நூடுல்ஸான ஜாப்சேயில் மாட்டிறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும். 'வெஜிடபிள்தானே' என்று கேட்டால் பணியாளரும் நல்ல எண்ணத்தோடு ஆமாம் என்பார், ஏனென்றால் இறைச்சித் துண்டு இல்லை என்பதைத்தான் அவர் நினைக்கிறார். 'சாற்றில் நெத்திலி இருக்கிறதா, கிம்ச்சியில் இறால் இருக்கிறதா' என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு விசாரணை வேண்டாம் என்றால் நேரே ஹன்காவி போங்கள். ஐந்தாம் அவென்யூவைத் தாண்டி கிழக்கு 32ஆம் தெருவில், கொரியா டவுன் சந்தடிக்குச் சற்று வெளியே இருக்கிறது. 1994லிருந்து நடக்கும் முழுச் சைவ கொரிய உணவகம். உள்ளே நுழையும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், அம்மாவுக்கு அது நம் வீடு மாதிரி இருக்கும். தாழ்வான மேசைகள், ஆனால் கீழே கால் தொங்கவிடப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி இருந்தால் உட்காரும்போதும் எழும்போதும் மட்டும் கை கொடுங்கள். பூசணிக்காய்க் கஞ்சி, காளான் வகைகள், கல்சட்டிச் சாதம் எல்லாம் கிடைக்கும். அமைதியான இடம், அவசரப்படுத்த மாட்டார்கள், அதனால் முன்பதிவு செய்யும்போதே எட்டு மணிக் காட்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். திருமண நாள் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.

நீங்களும் மனைவியும் அசைவம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், 32ஆம் தெருவில் பிசிடி டோஃபு ஹவுஸ், 35ஆம் தெருவில் சோ டங் கோல் இரண்டும் டோஃபுவுக்குப் பேர் போனவை. அங்கே அம்மாவுக்கு, சாதத்தின் மேல் காய்கறிகள் வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப் சொல்லலாம்: இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று. கோச்சுஜாங் மிளகாய் விழுது தனியாக வரும், வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். ஆனால் பக்கத் தட்டுகளில் எது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா பக்கம் நகர்த்த வேண்டும். பிசிடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொரித்த மீனும் சேர்ந்தே வரும், அதையும் முன்பே சொல்லித் தவிர்க்கலாம்.

சுன்டுபு முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்சட்டி கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும், குமிழி விளிம்பைத் தாண்டி வழியும். கூடவே ஒரு பச்சை முட்டை தருவார்கள். கொதி அடங்கும் முன் அதை உடைத்துக் குழம்புக்குள் விட்டு, மேலே டோஃபுவால் மூடிவிடுங்கள், ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். சாதம் கல்சட்டியில் தனியாக வரும். பணியாளரே கரண்டியால் சாதத்தை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தலின் மேல் வெந்நீரோ பார்லி டீயோ ஊற்றி மூடி வைத்துவிடுவார். அதை மறந்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். சாப்பாடு முடியும்போது மூடியைத் திறந்தால் காந்தல் நெகிழ்ந்து, லேசான வறுத்த வாசனையோடு இளஞ்சூடான கஞ்சியாக இருக்கும். காரமெல்லாம் அடங்கிப் போகும். எனக்கு அந்த முழுச் சாப்பாட்டிலும் பிடித்த பகுதி இதுதான். இந்தச் சாப்பாட்டின் இன்னொரு நன்மை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும். சொன்ன இருபது நிமிடத்துக்குள் மேசை நிறைந்துவிடும். காட்சிக்கு முன் சாப்பிட ஏற்றது இதுதான் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

முதலில் வரும் சின்னச் சின்னத் தட்டுகளுக்கு பான்சான் என்று பெயர். காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். ஆனால் அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். மேசையில் மூத்தவர் முதலில் கரண்டியை எடுக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பது கொரிய வழக்கம், எனவே அம்மா ஆரம்பிக்கட்டும். சாப்ஸ்டிக்கைச் சாதத்தில் நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. சாதத்தைக் கரண்டியாலேயே சாப்பிடுவார்கள் என்பதால் சாப்ஸ்டிக் வராதவர்களுக்கும் கஷ்டமில்லை. கொரிய மதுவான சோஜு அன்றைக்கு வேண்டாம். பழச் சுவை சேர்த்தது ஜூஸ் மாதிரி இறங்கும், இரண்டாம் பாதியில் தூக்கமாக வந்து நிற்கும். அதற்குப் பதில் பட்டையும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய சுஜொங்வா இருந்தால் குடியுங்கள், குளிர்ச்சியாக, இனிப்பாக, அம்மாவுக்கும் பிடிக்கும். பில்லில் விற்பனை வரி கிட்டத்தட்ட 9 சதவீதம் சேரும், டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். அப்புறம், கிளம்பும் முன் எல்லாரும் உணவகத்திலேயே பாத்ரூம் போய்விடுங்கள். பழைய பிராட்வே தியேட்டர்களில் இடைவேளையின்போது பெண்கள் வரிசை மிக நீளமாக இருக்கும்.

நாடகத்துக்கு வருவோம். அம்மாவுக்குப் பிடிக்குமா என்பது கதையை முன்பே சொல்லிக் கூட்டிப்போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

1924இல் சிகாகோ நகரில் பியூலா ஆனன், பெல்வா கார்ட்னர் என்ற இரண்டு பெண்கள் தங்கள் காதலரைச் சுட்டுக் கொன்றதாகத் தனித்தனியே குற்றம் சாட்டப்பட்டார்கள். 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழுக்காக அந்த வழக்குகளை எழுதியவர் மௌரீன் டல்லஸ் வாட்கின்ஸ் என்ற நிருபர். பத்திரிகைகள் அவர்களை நட்சத்திரங்களாக ஆக்கின, இருவருமே விடுதலையானார்கள். வாட்கின்ஸ் அதை 1926இல் நாடகமாக எழுதினார், பியூலா அதில் ராக்ஸி ஆனார், பெல்வா வெல்மா ஆனார். அதை மியூசிக்கலாக்க நடன இயக்குநர் பாப் ஃபாஸி விரும்பினார், வாட்கின்ஸ் உரிமை தரவில்லை. 1969இல் அவர் இறந்த பிறகுதான் உரிமை கிடைத்தது. ஜான் கேண்டர் இசை, ஃப்ரெட் எப் பாடல் வரிகள். 1975இல் மேடையேறியபோது குவென் வெர்டனும் சீட்டா ரிவேராவும் நடித்தார்கள். பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் 11க்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கொலைகாரிகளைப் புகழ்ந்து கொண்டாடும் உலகத்தைப் பற்றிய இந்தக் கதை அன்றைய பார்வையாளர்களுக்குக் கசந்தது. 1996இல் நியூயார்க் சிட்டி சென்டரில் சில நாட்களுக்கு மட்டும் எளிமையான கச்சேரி வடிவில் இதைப் போட்டார்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து முடித்திருந்த நாடு அது, இப்போது கதை அப்படியே பொருந்தியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பிராட்வேக்கு வந்தது, அடுத்த ஆண்டு 6 டோனி விருதுகள் வாங்கியது. அம்பாசடருக்கு 2003இல் குடிவந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த எளிமையை இன்றும் வைத்திருக்கிறார்கள். பெரிய செட் இல்லை. தொங்கும் சரவிளக்கு, சுழலும் மேடை போன்ற பிரம்மாண்டம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். மேடையின் நடுவில் படிப்படியாக வாத்தியக்காரர்களே உட்கார்ந்திருப்பார்கள், மற்ற நாடகங்களில் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் இசைக்குழு இங்கே முகம் காட்டும். அவர்களுக்கு முன்னால் மிச்சமிருக்கும் துண்டு இடத்தில்தான் எல்லாம் நடக்கும். உடை எல்லாம் கறுப்பு. நாற்காலிகள், தொப்பிகள், விளக்கொளி, உடம்பு, அவ்வளவுதான்.

நடனத்தை எங்கே பார்க்க வேண்டும் தெரியுமா? கால்களை அல்ல. மணிக்கட்டையும் தோளையும் பாருங்கள். பலர் ஒரே சமயத்தில் ஒரு விரலை மட்டும் அசைப்பார்கள், ஒரு தோளை மட்டும் உருட்டுவார்கள், முழங்கால் உள்நோக்கி மடங்கியிருக்கும். அதுதான் ஃபாஸி பாணி. தலை வழுக்கை என்பதால் தொப்பி, தன் கைகள் பிடிக்காது என்பதால் கையுறை, இப்படித்தான் அவை அவர் நடனத்துக்குள் வந்தன என்று சொல்வார்கள். 1996 வடிவத்துக்கு அவருடைய பாணியிலேயே நடனம் அமைத்தவர் அவரிடம் ஆடிய ஆன் ரைங்கிங். பரதம் பார்த்துப் பழகிய அம்மாவாக இருந்தால், கையும் கண்ணும் பேசும் இந்த ஆட்டத்தை உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

ஒவ்வொரு பாட்டும் பாட்டு, நடனம், வேடிக்கை எல்லாம் கலந்த, அந்தக் காலத்து வாடவில் மேடைக் கலையின் ஒரு வகையைப் பின்பற்றும். பத்திரிகையாளர் கூட்டத்தில் வக்கீல் பில்லி ஃப்ளின், ராக்ஸியைத் தன் மடியில் பொம்மையாக உட்காரவைத்து அவள் வாயால் தான் பேசும் காட்சி ஒன்று உண்டு. ஆங்கிலமே தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரியும். சிறையில் ஒரு ஹங்கேரியப் பெண் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'நான் குற்றவாளி இல்லை' என்ற ஒன்றுதான். அவளைக் கவனிக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் நிற்கும் பெண்ணின் நிலை அம்மாவின் மனசைத் தொடும்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடைகள் மெல்லிய கறுப்பு வலைத்துணி, உடம்பு தெரியும். பேச்சிலும் விரசமான வேடிக்கை உண்டு. கதையில் நல்லவர் என்று சொல்லத்தக்கவர் ஓரிருவர்தான். இதெல்லாம் அம்மாவுக்குச் சங்கடம் என்று நினைத்தால் வேறு நாடகம் தேர்ந்தெடுப்பதே மேல். ரசிப்பார் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். பாடல் வரிகள் வேகமானவை. காலாப்ரோ என்ற செயலியைப் போனில் முன்பே இறக்கி வைத்தால், இருட்டிலேயே வசனம் ஆங்கில எழுத்தில் ஓடும், வாசிக்கத் தெரிந்தவருக்கு உதவும்.

அம்பாசடர் 1921இல் கட்டியது. மனை சின்னது என்பதால் அரங்கத்தை மூலைவிட்டமாகத் திருப்பிப் போட்டுக் கட்டினார்கள். அதனால் அகலம் அதிகம், ஆழம் குறைவு. பின்வரிசைகூட மேடைக்குத் தூரமில்லை. நடனத்தின் வரிசை அமைப்பு மேலிருந்துதான் அழகு என்பதால் எனக்கு மெஸனைன் எனப்படும் மாடித்தள முன்வரிசை பிடிக்கும். ஆனால் அதற்குப் படி ஏற வேண்டும், அம்மாவுக்குக் கீழ்த்தள நாற்காலியே சரி. ஏசி பலமாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டைத் தவறவிடக் கூடாது. வெல்மா மேடைக்கு வரும் அந்தப் பாட்டில்தான் நாடகத்தின் மொத்தத் தொனியும் பிடிபடும். தாமதமாக வருபவர்களைப் பொருத்தமான இடைவெளி வரும்வரை பின்னால் நிறுத்திவைத்துவிடுவார்கள்.

காட்சி இடைவேளை சேர்த்து இரண்டரை மணி நேரம், 10.30 வாக்கில் வெளியே வருவீர்கள். திரும்பும்போது 50ஆம் தெரு பிராட்வே நிலையத்தில் 1ஆம் எண் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் பென் ஸ்டேஷன். கடைசி ரயில்களின் நேரத்தைக் கிளம்பும் முன் பார்த்து வையுங்கள்.

மனைவியின் பார்பிக்யூவுக்கு வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? கொரியா டவுன் பின்னிரவு வரை விழித்திருக்கும் தெரு. நீங்கள் இருவர் மட்டும் போகும் இன்னொரு நாளில் வரிசையை மாற்றுங்கள்: 5 மணிக்கு லேசாக ஏதாவது, 8 மணிக்கு நாடகம், 11 மணிக்கு இறைச்சி அடுப்பு. அப்போது நேரமும் துரத்தாது, சட்டையில் புகை ஏறினாலும் பரவாயில்லை. அன்றைக்குப் பார்க்க நாடகம் வேண்டும் என்றால் பெலாஸ்கோ தியேட்டரில் 'மேபி ஹேப்பி எண்டிங்' ஓடுகிறதா என்று பாருங்கள். சியோலில் 2016இல் கொரிய மொழியில் பிறந்து, பிராட்வேக்கு வந்து, 2025இல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி வாங்கியது. பெலாஸ்கோ 44ஆம் தெருவில் இருப்பதால் 32ஆம் தெருவுக்கு இன்னும் பக்கம், காட்சி முடிந்து நடந்தே போய்விடலாம்.